ராட்சசன் தட்டு

கொரட்டூருக்கு நான் மருமகளாகப் போனபோது எனக்குப் பதினேழு வயது. வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. மாமனாரும் மூத்த மைத்துனரும் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டார்கள். என் கணவருக்குப் பெரம்பூரில் ரயில் பட்டறை வேலை. காலை ரயிலைப் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பகலில் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் மட்டும்: மாமியார், மூத்த மருமகள், நான். மூத்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். சிரிப்பை அடக்கத் தெரியாதவர். நானும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கட்டிக்கொடுத்தது யார் செய்த தவறு என்று மாமியார் அடிக்கடி கேட்பார்.

மாமியார் நல்ல ஆகிருதி. ஆனால் நடந்தால் சத்தமே வராது. கொல்லையில் எருமையோடு பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். அடுத்த நிமிஷம் நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் வம்பு பேசினாலும் சரி, உப்பும் மிளகாயும் வைத்துப் புளியங்காய் தின்றாலும் சரி, வேலைக்கு நடுவே அக்கா தூணில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டாலும் சரி, எல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

அவரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. பொட்டுக்கடலையையும் வெல்லத்தையும் இடித்து ஒரு ஜாடியில் மாவாக வைத்திருப்பார். மூடுவதற்கு முன்னால் மாவின் மேல் விரல்களை விரித்துக் கையை அழுத்தி எடுப்பார். யாராவது ஒரு பிடி அள்ளினால் கைத்தடம் கலைந்துவிடும். அக்காவின் கை சின்னது, என் கை மாமியார் கை அளவுக்குப் பெரியது. ஆகவே அள்ளுவது அக்காவின் வேலை, மறுபடி கைத்தடம் பதிப்பது என் வேலை. இது பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இந்த நிலையில்தான் அம்பத்தூரில் டெண்டுக் கொட்டாய் போட்டார்கள்.

அறுவடை முடிந்த வயலில் ஒரு கூடாரம், முன்னால் வெள்ளைத் திரை, தரையில் மணல், பெண்களுக்குத் தனியாக ஒரு மூங்கில் தட்டி மறைப்பு. படம் அப்போது பேசாது. திரையில் ஆட்கள் வாயை அசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள். மீதியைப் பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பாய் பார்த்துக்கொள்வார். பகலில் பூந்தமல்லிக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மாலையில் திரைக்குப் பக்கத்தில் நின்று, யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்று உரக்கக் கத்திக் கதை சொல்வார். அவர் அருகே ஒரு மேஜையில் குழல் வைத்த கிராமபோன். அதற்குச் சாவி கொடுப்பதும் அவரே, தட்டு மாற்றுவதும் அவரே.

தட்டுகள் மொத்தம் நாலுதான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களைப் பரங்கிமலையில் ஏலம் விட்டபோது, கொட்டாய்க்காரர் கிராமபோனை எடுத்திருக்கிறார். பெட்டியோடு இந்த நாலும் வந்துவிட்டன. எல்லாம் சீமைச் சங்கீதம். மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷை பாய்க்குப் படிக்கத் தெரியாது. அதனால் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வைத்திருந்தார். ஒரு புள்ளி வைத்தது குதிரைத் தட்டு. யாரோ முதுகில் தட்டி ஓடு ஓடு என்று விரட்டுகிற மாதிரி இருக்கும். கதாநாயகன் குதிரையில் வந்தால் அதுதான். இரண்டு புள்ளி கல்யாணத் தட்டு, கோயில் யானை அசைந்து வருகிற தோரணை. மூன்று புள்ளி அழுகைத் தட்டு. நாலு பேர் பாரமான எதையோ தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போகிற மாதிரி. பெருக்கல் குறி போட்டது ராட்சசன் தட்டு. மூன்று குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம். டொக் டொக் டொக் டோம். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடியும் அதே. திருடன், வில்லன், பேய், கடன்காரன், யார் வந்தாலும் அது ஒலிக்கும். மூன்றாவது வாரத்தில் கூட்டம் முழுவதற்கும் நாலு தட்டும் மனப்பாடம். திரையில் ஆள் வருவதற்கு முன்னால் பாய் எடுக்கும் தட்டைப் பார்த்தே, முன்வரிசையில் இருப்பவர்கள் பயப்படவோ கைதட்டவோ தயாராகிவிடுவார்கள்.

எங்கள் கணவன்மார்கள் அக்காவையும் என்னையும் இரண்டு மூன்று முறை அழைத்துப்போனார்கள். மாமியார் வரவில்லை.

“இருட்டுல ஒக்காந்து பொம்ம பாக்குறதுக்கு, ஊட்டுலயே கண்ண மூடிக்கினு ஒக்காரலாம்” என்று சொல்லிவிட்டார்.

ராட்சசன் தட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது உலக்கை வழியாக. ஒரு நாள் நானும் அக்காவும் எதிரெதிரே நின்று நெல் குத்திக்கொண்டிருந்தோம். கொல்லை வாசல் பக்கம் பார்த்து நின்ற அக்கா, மாமியாரின் தலை தெரிந்ததும், பேச்சை நிறுத்தாமல் உலக்கையால் மூன்று தரம் சின்னதாகத் தட்டினார். என்னை அறியாமல் நான் ஓங்கி நாலாவதைப் போட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த நிமிஷத்திலிருந்து அது எங்கள் எச்சரிக்கை மணியாகிவிட்டது. உலக்கை கையில் இல்லாவிட்டால் கரண்டி, அம்மி, குடம். எதுவும் கிடைக்காவிட்டால் வாயாலேயே முணுமுணுப்போம். அதற்குப் பிறகு நாங்கள் பிடிபடவே இல்லை.

மாமியார் கெட்டிக்காரி. பத்து நாளில் கவனித்துவிட்டார்.

“இன்னாடி அது, நான் வந்தாலே ஒரு தாளம் வருது?”

அக்கா ஒரு நொடி கூடத் தயங்கவில்லை.

“அது கொட்டாயில போடுற பாட்டு அத்தே. ராஜா வந்தா இதத்தான் போடுவாங்கோ. பெரியவங்க வர்றப்போ எங்களுக்கு அதுவா வந்துடுது.”

மாமியார் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். போகும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்த மாதிரி எனக்குப் பட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போய்விட்டது. எருமைக்குத் தீனி வைக்கும்போது, கீரை ஆயும்போது, ஏரிக்குத் துணி எடுத்துப் போகும்போது, டொக் டொக் டொக் டோம். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், “என் மருமகளுங்க நான் வந்தா ராஜா பாட்டு பாடுறாளுங்கோ, ஒங்க ஊட்டுல எவளாவது பாடுறாளா?” என்று கேட்டிருக்கிறார். அதையும் பாடியே காட்டியிருக்கிறார். அந்தப் பெண்கள் பாதிப் பேர் கொட்டாய்க்குப் போனவர்கள். அவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினதை நான் பிறகு கேள்விப்பட்டேன். அப்போது வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் அறுவடைக்குப் பிறகு கொட்டாய் மறுபடியும் வந்தது. புதுப் படத்துக்கு விளம்பரம் செய்ய ஒரு மாட்டு வண்டி மேளம் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கும் வந்தது. இளவரசி ஒருத்தியை ராட்சசன் தூக்கிப்போக, சாமி வந்து இளவரசனுக்கு வாள் கொடுக்கும் கதை. மாமியார் நோட்டீஸை வாங்கி, அதில் அச்சடித்திருந்த சாமி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சாமி படம் போட்டாங்கோன்னா நானும் வரேன்.”

அக்கா என் கையைக் கிள்ளினார். நகம் பதிந்தது.

வண்டியில் பாயும் உட்கார்ந்திருந்தார். மாமியார் நோட்டீஸைக் காட்ட மாமனாரைத் தேடிக் கொல்லைக்குப் போன நேரத்தில், நாங்கள் ஒரு செம்பு மோரோடு வண்டிக்கு ஓடினோம்.

“பாய், அந்தப் பெருக்கல் போட்ட பிளேட்ட மட்டும் நாளைக்குப் போடாதீங்க” என்றார் அக்கா.

பாய் மோரைக் குடித்து முடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“அதப் போடாட்டி ராட்சசன் எப்டிமா வருவான்?”

“சும்மா நடந்து வரட்டுமே.”

“சும்மா வந்தா அவன் பக்கத்து ஊட்டுக்காரன்மா. ராட்சசன் இல்ல.”

வேறு வழியில்லாமல் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டார். பாய் முதலில் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு வண்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி தங்கச்சி. ஒரு நாளைக்கு இன்னா வோணா செஞ்சி பாக்குறேன். ஜனங்க ஒத்துக்கினா ஒங்க நசீபு, ஒங்க அதிஷ்டம்” என்றார்.

மறுநாள் மாலை எல்லோரும் போனோம். மாமியார் பட்டுப்புடவை கட்டியிருந்தார். மணலில் எங்கள் இருவருக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இளவரசி தோழிகளோடு பூப்பறித்தாள்; அதுவரை ஒரு குறையும் இல்லை. மரங்களுக்குப் பின்னால் ராட்சசன் தலை நீட்டினான். பாய் ஒரு தட்டை எடுத்து வைத்தார். கல்யாணத் தட்டு.

கோரைப்பல்லும் கதாயுதமுமாக ராட்சசன், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்தான். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “பாய், ராட்சசனுக்குக் கண்ணாலமா?” என்று கேட்டது. கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. பாய் அவசரமாகத் தட்டை மாற்றினார். இந்தத் தடவை குதிரைத் தட்டு. ராட்சசனோ அடிமேல் அடி வைத்துப் பதுங்கி வந்துகொண்டிருந்தான். விசில் பறந்தது. “குதிர எங்க பாய்?” என்றார்கள். பாய் கடைசி முயற்சியாக அழுகைத் தட்டை வைத்தார். யாரோ மணலை அள்ளி மேலே எறிந்தார்கள். “ராட்சசன் பிளேட்ட போடுய்யா” என்று கூட்டம் தரையைத் தட்ட ஆரம்பித்தது. பாய் எங்கள் தட்டி மறைப்பின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பாவம், அவர்தான் என்ன செய்வார். பெருக்கல் போட்ட தட்டை எடுத்து வைத்தார்.

டொக் டொக் டொக் டோம்.

மாமியார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மாளைத் தொட்டு, “ராஜா வர்றாரு பாரு” என்றார்.

திரையில் ராட்சசன் கோரைப்பல் தெரியச் சிரித்து, கண்ணை உருட்டிக்கொண்டு, இளவரசியின் கூந்தலைப் பிடித்தான்.

மாமியார் அவனைப் பார்த்தார். மறுபடி அந்தத் தாளம் வந்தது. அவன் மறுபடி கண்ணை உருட்டினான். மாமியார் அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சாமி வந்து வாள் கொடுத்தபோதுகூடக் கையெடுத்துக் கும்பிடவில்லை.

வண்டியில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தோம், திட்டவில்லை. எருமைக்குத் தீனி வைத்தார், கீரை ஆய்ந்தார், ஏரிக்குப் போய் வந்தார். எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு செய்தார். அந்த முணுமுணுப்பு இல்லாமல் வீடு எப்படியோ இருந்தது. தனக்காக இரண்டு மருமகள்கள் பாடுகிறார்கள் என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர். அதை நினைத்தபோதுதான் எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வரவில்லை. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

நாலாம் நாள் நான் கொல்லைக்குப் போனேன். மாமியார் வரட்டி தட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“அத்தே, தப்பு எங்களோடதுதான். வெளாட்டா ஆரம்பிச்சது. ராஜா பாட்டுன்னு சொன்னது பொய்.”

“தெரியும்” என்றார். ஒரு வரட்டியை ஓங்கிச் சுவரில் அறைந்தார். “மாவு ஜாடியும் தெரியும்.”

“அது...”

சாணிக் கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். மோதிர விரல் முனையில் லேசாகக் கோணியிருந்தது. சின்ன வயதில் வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதாம். “ஒன் வெரலு ஈட்டி மாதிரி நேரா கீது. என்னுது கோணல். மொத நாளே தெரியும்டி. புள்ளைங்க துன்னுட்டுப் போவுதுன்னு உட்டேன்.”

நான் தலையைத் தூக்கவில்லை. இன்னும் இரண்டு வரட்டி சுவருக்குப் போயின.

“நானும் நாலு நாளா ரோசன பண்ணிகினு கீறேன்” என்றார். “அந்த ராட்சசனுக்கு இன்னா கொறச்சல்? ராஜகுமாரன் வந்தப்போ பாதிப்பேரு கொட்டாவி உட்டாங்கோ. சாமி வந்தப்போ ஒருத்தி கொழந்தைக்கு மூக்கு சிந்திகினு இருந்தா. அவன் வரலன்னதும் ஜனம் மொத்தமும் தரைய தட்டிச்சி. அவன் வந்தப்போ எல்லாரும் நிமுந்து ஒக்காந்தாங்கோ.”

நான் மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். வாயோரம் மட்டும் அடங்கவில்லை.

“அந்தப் பாட்டு எனக்கே இருக்கட்டும். ஒங்க ரெண்டு பேருக்கும் நான் வேற பாத்து வெச்சிகீறேன்.”

மறுநாளே ஆரம்பமாயிற்று. அக்கா எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மாமியார் அழுகைத் தட்டை ஆரம்பிப்பார். ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டு. ஒரு சுரம் பிசகாது. நான் வேலையை அரைகுறையாக முடித்து ஓடினால் குதிரைத் தட்டு. சாயங்காலம் என் கணவர் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்து என்னைத் தேடினால் கல்யாணத் தட்டு. அவர் காது சிவந்துபோகும். நான் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன். எதிர்த்துப் பேச வழியில்லை. நாலும் நாங்கள் கொண்டுவந்து சேர்த்த சரக்குதானே. எங்கள் எச்சரிக்கை மணியும் போயிற்று. இப்போது மாமியார் தன் தாளத்தைத் தானே போட்டுக்கொண்டு வருவார். ஆனால் கொல்லையில் போட்டுவிட்டு வாசல் வழியாக நுழைவார்.

பிறகு பேசும் படம் வந்தது. கொட்டாயில் கிராமபோனுக்கு வேலையில்லாமல் போனது. பாய் தம் கடிகாரங்களோடு பூந்தமல்லியிலேயே இருந்துவிட்டார். நெல் மூட்டையோடு அந்தப் பக்கம் வண்டி போனால், மாமனார் அவர் கடையில் இறங்கி நலம் விசாரித்துவிட்டு வருவார்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ஒரு நாள் என் கணவர் என்னை அயனாவரத்துக்கு அழைத்துப்போனார். அவரோடு வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டு விருந்து. அந்த வீட்டுக்கார அம்மாள் பியானோ வாசிப்பாராம். எல்லோரும் கை கட்டி அமைதியாக உட்கார்ந்தோம். அந்த அம்மாள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, விரலை வைத்தார்.

டொக் டொக் டொக் டோம்.

நான் சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பு இல்லை. என் கணவர் முழங்கையால் இடித்தார். இடித்தவரும் அடுத்த நொடி சிரித்துவிட்டார். அந்த அம்மாள் பியானோவை மூடிவிட்டார். அவமானப்பட்டதில் முகம் வெளுத்திருந்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்டு, கொட்டாய் கதையிலிருந்து மாமியார் கதை வரை சொல்லி முடித்தோம். முடிவில் அவரும் ஒரு கைக்குட்டை நனையச் சிரித்தார். பிறகுதான் விளக்கினார். அது உலகம் முழுக்கப் பேர் போன சங்கீதமாம். பெரிய பெரிய சபைகளில் நூறு பேர் உட்கார்ந்து வாசிப்பார்களாம். அந்த நாலு சத்தமும் விதி வந்து கதவைத் தட்டுவது என்று சொல்வார்களாம். அப்போது லண்டன் ரேடியோவில்கூடச் சண்டைச் செய்திக்கு முன்னால் அந்தத் தாளத்தைத்தான் மத்தளத்தில் தட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன்.

“விதியா? கதவத் தட்டிட்டா உள்ள வருது? நல்ல மரியாத தெரிஞ்ச விதிதான்” என்றார். பிறகு, “மத்த மூணு பிளேட்டும் இன்னாதுன்னு கேட்டியா?” என்றார்.

நான் கேட்கவில்லை. அதற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுக்காப்புளிப் பையும் கையுமாக மறுபடி அயனாவரம் போகவேண்டியதாயிற்று. பியானோவுக்குப் பக்கத்தில் நின்று, மாமியார் பாடுகிற மாதிரியே மூன்றையும் பாடிக்காட்டினேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அழுகைத் தட்டு நிஜமாகவே சவ ஊர்வலத்துக்கு வாசிப்பதாம். கல்யாணத் தட்டு மாதா கோயிலில் மணப்பெண் நடந்து வருவதற்காம். குதிரைத் தட்டு ஏதோ ஒரு நாடகத்தில் படை பாய்ந்து வருவதற்காம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பாய், காதால் கேட்டே மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு ஒரே ஆச்சரியம்.

மாமியாருக்கு ஆச்சரியத்தோடு ஒரு குறையும் இருந்தது. “நாலுல ஒண்ணுலதான் பாய் கோட்ட உட்டுட்டாரு” என்றார். அதை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று, பூந்தமல்லிக்கு வண்டி கட்டிய மாமனாரை, நான் சொன்னது அத்தனையையும் இரண்டு தரம் ஒப்பிக்க வைத்து அனுப்பினார்.

பாய் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாராம். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லையாம்.

“நாலும் சரிதான்னு ஊட்டுல சொல்லுங்கோ” என்றாராம். “விதின்னா மட்டும் இன்னா, ராட்சசன் இல்லியா?”

மாமனார் வந்து அதைச் சொன்னதும், மாமியார் ஒத்துக்கொண்டார். அவர் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.